சத்துவாச்சாரி மாடிப்படி நாய் ஆஸ்பத்திரி: ஐந்துக்கு நான்கு

பெயரைப் போட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். "இருக்கிற கூட்டத்துக்கே பெஞ்ச் போதவில்லை, ஐயா. நீங்கள் எழுதி இன்னும் பத்துப் பேர் வந்தால் நான் மதியம் சாப்பிடுவது எப்போது?" என்றார். ஆகவே அடையாளம் மட்டும் சொல்கிறேன். ஊர் வேலூர். சத்துவாச்சாரி. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெரு. கீழே டயர் கடை, மேலே நாய் ஆஸ்பத்திரி. இடையில் பதினெட்டுப் படி. அந்தப் படிகளைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

நான் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்துக்காரன். முப்பத்தொரு ஆண்டுகள் பால் கூட்டுறவுச் சங்கத்தில் டெஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். விடியற்காலை ஐந்தரைக்குக் கேன்களின் முன்னால் நின்று, லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டு, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. 28 காட்டினால் நல்ல பால். 22 காட்டினால் மாடு கறந்ததோடு குழாயும் கொஞ்சம் கறந்திருக்கிறது என்று அர்த்தம். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

எங்கள் வீட்டு ராணி டேஷண்ட் ஜாதி, பெண், ஒன்பது வயது. மகன் வாங்கி வந்து, வேலை கிடைத்ததும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். நீள உடம்பு, குட்டைக் கால். முதன்முதலில் பார்த்த ஊர்க்காரர் ஒருவர், "இது நாயா, கீரிப்பிள்ளையா?" என்று கேட்டார். இன்றும் அந்தத் தெருவில் அவளுக்குக் கீரி என்றுதான் பெயர்.

போன ஆண்டு புரட்டாசியில் அவளுக்கு அரிப்பு தொடங்கியது. வால் அடியிலும் இடுப்பிலும் பல்லால் கடித்துக் கடித்து ரணமாக்கிக்கொண்டாள். ஓர் இடத்துக்குக் கொண்டுபோனேன். எந்த இடம், யார் என்று எழுதப் போவதில்லை. ஓர் ஊசி போட்டு, ஒரு வாரத்துக்கு வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு போன இடம் தெரியவில்லை. கைராசிக்காரர் என்று நானே நாலு பேரிடம் சொன்னேன். மூன்று வாரத்தில் அரிப்பு திரும்பி வந்தது. மறுபடி ஊசி, மறுபடி மாத்திரை. நான்காவது தடவை நான் அங்கே போகவே இல்லை. காலி அட்டையை மருந்துக் கடையில் காட்டி நேரடியாக வாங்கிக்கொண்டேன். இரண்டு ரூபாய்க்கும் குறைவான மாத்திரை. கடைக்காரரும் ஒன்றும் கேட்கவில்லை. அரிக்கும்போது ஒன்று, அரிக்காவிட்டாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று. இப்படியே ஏழு மாதம். இதில் பாதித் தப்பு அவர்களுடையது என்றால் மீதிப் பாதி என்னுடையது.

மாசி மாதத்தில் தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாகத் தொடங்கியது. வெயில் ஏறுகிறது, குடிக்கிறாள் என்று இருந்தோம். பங்குனியில் அவள் குளியலறை ஈரத்தை நக்குவதையும் துளசி மாடத்துத் தொட்டி நீரைக் குடிப்பதையும் பேரன்தான் முதலில் பார்த்துச் சொன்னான். ஒன்பது வருடமாக வீட்டுக்குள் ஒரு சொட்டு விடாதவள், இரவில் கூடத்தில் குளம் கட்டினாள். அதுவும் சாதாரண மூத்திரம் போல இல்லை; நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை, வெறும் தண்ணீர். வேலூரை நீரில்லாத ஆறு ஓடும் ஊர் என்று கேலி பேசுவார்கள். அந்த ஊரில் ஒருத்தி மட்டும் குடம் குடமாகக் குடித்துக் குடம் குடமாகக் கொட்டினாள்.

சர்க்கரை என்று அக்கம்பக்கத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இப்போது தெருவுக்கு நாலு பேருக்குச் சர்க்கரை. நாய்க்கு ஏன் வராது? மைத்துனர் இன்னும் ஒரு படி மேலே போய், "ராத்திரி தண்ணீரை எடுத்து வைத்துவிடுங்கள் மாமா, காலையில் கூடம் காய்ந்திருக்கும்" என்றார். இரண்டு இரவு அப்படியே செய்தேன். அவள் அடுக்களை வாசற்படியில் தலையை வைத்துக்கொண்டு விடிய விடிய முனகினாள். கூடம் மட்டும் நனைந்துதான் இருந்தது. மூன்றாம் நாள் இந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்.

இங்கேதான் முதல் வித்தியாசம். எடுத்த கம்பவுண்டர் பையன், "எப்போது வருகிறீர்கள்?" என்று கேட்கவில்லை. "எவ்வளவு குடிக்கிறது?" என்று கேட்டார். நிறைய என்றேன். "நிறைய என்றால் எத்தனை மில்லி? மூன்று நாள் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். வரும் அன்று காலை முதல் மூத்திரத்தைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து வாருங்கள். ஆறு மாதமாகக் கொடுத்த மருந்து எல்லாவற்றின் அட்டையையும் கொண்டு வாருங்கள். அதுவரை தண்ணீரைக் குறைக்கக் கூடாது" என்றார். என் வாழ்நாளில் என்னிடம் யாரும் இவ்வளவு எனக்குப் பிடித்த வேலையைக் கொடுத்ததில்லை.

அளந்தேன். பழைய அரை லிட்டர் பால் அளவையால் காலை ஆறு மணிக்கு ஊற்றி, மறுநாள் ஆறு மணிக்கு மீதியை அளப்பது. வீட்டில் வேறு எங்கேயும் நீர் கிடைக்காதபடி குளியலறைக் கதவை மூடி, துளசி மாடத்துக்குப் பலகை வைத்தாயிற்று. கத்திரி வெயில் அப்போதுதான் தொடங்கியிருந்தது. நாய் குடித்தது எவ்வளவு, வெயில் குடித்தது எவ்வளவு என்று எப்படித் தெரியும்? ஆகவே அதே அளவுக் கிண்ணம் இன்னொன்றை, அதே அளவு நீரோடு, அவளுக்கு எட்டாத ஜன்னல் மேடையில் வைத்தேன். ஒரு நாளில் அதில் அறுபது மில்லி குறைந்தது. அதைக் கழித்தேன். மூன்று நாள் கணக்கு: 1,380, 1,450, 1,400. எடை எட்டரைக் கிலோ. கிலோவுக்குச் சுமார் 165 மில்லி. டாக்டரம்மா அந்தத் தாளைப் பார்த்து, ஜன்னல் மேடைக் கிண்ணத்துக்கு என்று தனியே ஒரு முறை சிரித்தார். ஆரோக்கியமான நாய் நாளொன்றுக்குக் கிலோவுக்கு ஐம்பது, அறுபது மில்லி குடிக்கும். நூறைத் தாண்டினால் காரணம் தேடியே ஆக வேண்டும் என்றார்.

மூத்திரம் பிடிப்பது வேறு கதை. டேஷண்டுக்கும் தரைக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளிதான் இருக்கும். குந்தினால் அதுவும் இல்லை. குழிக்கரண்டி நுழையவில்லை. கடைசியில் மருமகள் ஊறுகாய் டப்பாவின் எவர்சில்வர் மூடியைக் கொதிநீரில் கழுவிக் கொடுத்தாள். வேப்பமரத்தடியில் நான் மண்டியிட்டுப் பின்னால் இருந்து அதை மெல்லத் தள்ள, ராணி திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் ஒன்பது வருட மரியாதையும் போயிற்று. ஆனால் மூடி நிறைந்தது.

டவுன் பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். ஆட்டோவில் போய் இறங்கினால் அந்தப் பதினெட்டுப் படி. டேஷண்டின் முதுகெலும்பு நீளம். படி ஏறி இறங்கினால் தட்டு விலகும் என்று வாங்கும்போதே சொல்லியிருந்தார்கள். நான் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும், அறுபத்து நாலு வயதில். மேலே ஒரே பெஞ்ச், டோக்கன் கிடையாது. கூடையில் ஒரு பூனை, அதையே பார்த்துக்கொண்டு ஒரு ராட்வைலர். காத்திருந்தது ஒரு மணி நேரம் இருபது நிமிடம். உள்ளே போன பிறகு நாற்பது நிமிடம் பார்த்தார். நாற்பது நிமிடம்! முந்தைய இடத்தில் ஊசி ஏற்றும் நேரத்தையும் சேர்த்து நான்கு நிமிடம்தான்.

மேஜையில் ராணியை நிறுத்தி, முதலில் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். நான் தினமும் பார்க்கிற நாய்தான்; ஆனால் அன்றுதான் பார்த்தேன். வயிறு பானை போலத் தொங்கியது. இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி உதிர்ந்திருந்தது. வயிற்றுத் தோலை அவர் இரண்டு விரலால் தூக்கினார். வெங்காயச் சருகு போல மெலிதாக, உள்ளே நீல நரம்பு தெரிந்தது. முதுகில் ஒரு திட்டில் என் விரலை வைத்து அழுத்தச் சொன்னார். தோலுக்குள் சுண்ணாம்புக் காரை போலக் கெட்டியாக, சொரசொரவென்று இருந்தது. தோலிலேயே கால்சியம் படிந்திருக்கிறது என்றார். நான் அதைச் சொறியினால் வந்த பொருக்கு என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

அடுத்து, இடுப்பில் நெருக்குப்பல் சீப்பால் வாரினார். சீப்பில் கறுப்பாக மிளகுப்பொடி போலச் சில துகள் வந்தன. அதை நனைத்த வெள்ளைப் பஞ்சில் கொட்டினார். ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பாக ஒரு வட்டம் பரவியது. "இது மண் இல்லை ஐயா, தெள்ளுப்பூச்சியின் எச்சம். அது குடித்த ரத்தம்தான் கரைகிறது" என்றார். ஏழு மாத அரிப்புக்கான காரணம் அந்தப் பஞ்சில் இருந்தது. அதுவரை யாரும் அவளைச் சீப்பால் வாரியதில்லை.

மூத்திரத்தைப் பார்த்ததுதான் எனக்குப் பிடித்த கட்டம். ஒரு சொட்டை எடுத்துச் சின்னக் குழாய் போன்ற கருவியின் கண்ணாடியில் வைத்து, மூடி, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். ரிஃப்ராக்டோமீட்டர். "1.006" என்றார். விளக்கப் போனவரை நான் கையமர்த்தினேன். தண்ணீர் 1.000. நல்ல பால் 1.028, அதைத்தான் நாங்கள் 28 என்போம். இவளுடையது வெறும் 6! சங்கத்துக்கு இப்படி ஒரு கேன் வந்திருந்தால் கேனோடு திருப்பி அனுப்பியிருப்பேன். என்னையும் பார்க்க விட்டார். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு அடிமட்டத்தில் கிடந்தது. நல்ல சிறுநீரகம் உள்ள நாயின் காலை மூத்திரம் 1.030-க்கு மேல் நிற்க வேண்டுமாம்.

தொட்டு நனைக்கும் பட்டையில் சர்க்கரை இல்லை. ரத்தத்திலும் சர்க்கரை சரி. தெருவின் தீர்ப்பு அங்கேயே தள்ளுபடி. கருத்தடை செய்யாத பெண் நாய் என்பதால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருந்தாலும் இப்படித் தண்ணீர் குடிக்கும் என்று வயிற்றை ஸ்கேன் செய்தார். அதுவும் இல்லை. சிறுநீரக எண்கள் சரி, கால்சியம் சரி. ஈரல் சம்பந்தப்பட்ட ஏ.எல்.பி. மட்டும் ஆயிரத்தைத் தாண்டி நின்றது. ஸ்கேனில் சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகளை வெகுநேரம் தேடினார். "ஹார்மோன் மிகும் குஷிங் நோயாக இருந்தால் பெரும்பாலும் இரண்டும் பருத்திருக்கும். இவளுக்குக் கண்டுபிடிப்பதே கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவு சுருங்கியிருக்கின்றன" என்றவர், "அந்த மருந்துப் பையைக் கொடுங்கள்" என்றார்.

பையைக் கவிழ்த்தேன். பதினோரு காலி அட்டை. எல்லாம் ஒரே மாத்திரை, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. அவர் அட்டைகளைச் சீட்டுக்கட்டு போல அடுக்கி, ஒன்றும் பேசாமல் என் பக்கம் நகர்த்தினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். அட்ரீனல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, ஏ.சி.டி.எச். என்ற இன்னொரு ஹார்மோனை அனுப்பி, "சுரந்தது போதும்", "இன்னும் சுர" என்று அதற்கு உத்தரவு போடுகிறது. குஷிங் நோயில், பத்துக்கு எட்டு நாய்க்கு மேல் பிட்யூட்டரியில் ஒரு சின்னக் கட்டி வந்து ஓயாமல் உத்தரவு போடும். மற்றவற்றுக்கு அட்ரீனலிலேயே கட்டி இருக்கும். இரண்டிலும் கார்டிசால் உடம்பில் வெள்ளமாகிவிடும். மூத்திரத்தைச் சுண்டவைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹார்மோனின் பேச்சு அந்த வெள்ளத்தில் எடுபடாது. நீர் அப்படியே வெளியே போகும். போனதை ஈடுகட்டத் தாகம் எடுக்கும். நான் நினைத்தது போல, நிறையக் குடிப்பதால் நிறைய மூத்திரம் போகவில்லை. நிறையப் போவதால்தான் குடிக்கிறாள். அந்த நிலையில் தண்ணீரை எடுத்து வைப்பது போல ஆபத்து வேறில்லை. அந்த இரண்டு இரவுகளைச் சொன்னபோதுதான் டாக்டரம்மாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

நான் கொடுத்த வெள்ளை மாத்திரையும் அதே கார்டிசாலின் அண்ணன்தான். வெளியிலிருந்து வந்து குவிந்ததால் பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிட்டது. அட்ரீனல் வேலையை மறந்து சுருங்கிவிட்டது. வெளியில் பார்த்தால் ஹார்மோன் அதிகமான நாய். உள்ளே சுரப்பியில் ஒன்றுமில்லை. "கறக்காத மாடு வற்றிவிடுகிற மாதிரியா?" என்று கேட்டேன். "அதேதான்" என்றார்.

ஆனால் ஊகத்தோடு விடவில்லை. ஒரு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொன்னார். அந்த மாத்திரை ரத்தத்தில் இருந்தால் சோதனை அதையும் கார்டிசால் என்று எண்ணிவிடுமாம். முதலில் ஒரு முறை ரத்தம் எடுத்து, ஏ.சி.டி.எச். ஊசி போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். தூங்கும் சுரப்பியைத் தட்டி எழுப்பிப் பார்ப்பதுதான் அந்த ஊசி; தூண்டல் சோதனை என்று இதற்குப் பெயர். அந்த ஊசி மருந்து எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை; வரவழைக்க ஆறு நாள் ஆயிற்று. ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து மனிதர்களுக்குப் பார்க்கும் லேப் ஒன்றுக்கு அனுப்பினார்கள். இது ஆஸ்பத்திரிகளின் ஊர். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது இன்று சி.எம்.சி.யாக நிற்கிறது, வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து லாட்ஜ் பிடித்து வைத்தியம் பார்க்கிறார்கள். லேப்புக்கு இங்கே பஞ்சமில்லை. அறிக்கையில் "திருமதி ராணி, வயது 9" என்று அச்சாகி வந்தது. பக்கத்தில் மனிதர்களுக்கான இயல்பு அளவு. டாக்டரம்மா அதைப் பேனாவால் அடித்துவிட்டு நாய்க்கு உரியதை எழுதினார். ஊசிக்கு முன் 0.7, பின் 1.0. ஆரோக்கியமான நாய் என்றால் ஆறுக்கு மேல் ஏறியிருக்கும். குஷிங் நாய் பெரும்பாலும் இருபதைத் தாண்டும். திருமதி ராணியின் சுரப்பி எழுந்திருக்கவே இல்லை.

வைத்தியம் என்ன தெரியுமா? அதே மாத்திரை. நான் கேட்டதும் திகைத்தேன். திடீரென்று நிறுத்தினால், சொந்தச் சுரப்பி தூங்கும் உடம்புக்கு உயிர்வாழத் தேவையான கார்டிசால்கூட இருக்காது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் குறைத்துக்கொண்டு வர வேண்டும். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று இங்கே எழுத மாட்டேன். என் அட்டையைப் பார்த்து இன்னொருவர் கடையில் வாங்கினால் நான் செய்த அதே வேலையை அவரும் செய்ததாகும். தெள்ளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கும் மாத்திரை கொடுத்தார். முட்டையும் புழுவும் நாய் மேல் இருக்காது, படுக்கையிலும் தரை இடுக்கிலும்தான் இருக்கும் என்றதால் அவளுடைய சாக்கை எரித்து, வீடு முழுக்கக் கழுவித் தள்ளினோம். மூத்திரத்தைக் கல்ச்சருக்கு அனுப்பியதில் கிருமி இருந்தது. ஸ்டீராய்டு இருப்பதால் எரிச்சல் வெளியே தெரியவில்லையாம். அதற்கு ஒரு மருந்து. அரிப்பு? அது ஐந்தாம் வாரமே போய்விட்டது, இந்த முறை ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டே வந்தபோது.

காத்திருந்த நேரங்களில் பெஞ்சில் கற்றது தனி. காந்தி நகர் அம்மா ஒருவர், பதினோரு வயது பூடில். அதற்கு வந்திருப்பது நிஜக் குஷிங். எட்டு மணி நேரச் சோதனைக்காக அதைக் காலையில் கொண்டுவந்து மாலைவரை வைத்திருந்தார்களாம். டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டு நாலாவது மணியிலும் எட்டாவது மணியிலும் ரத்தம். இப்போது கார்டிசால் சுரப்பைக் குறைக்கும் டிரைலோஸ்டேன் கேப்சூல், சாப்பாட்டோடு, வாழ்நாள் முழுக்க. தொடங்கிப் பத்து நாளில் ஒரு சோதனை, நாலாவது வாரம் ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அளவு கூடிவிட்டால் சுரப்பி ஒரேயடியாக அடங்கி வாந்தி, மயக்கம் வரும் என்பதால். கர்ப்பிணிகள் அந்தக் கேப்சூலைத் தொடக் கூடாது என்பதால் மருமகளிடம் கொடுப்பதில்லை என்றார். அவர் மாதச் செலவைக் கேட்டபோது என் பதினோரு அட்டைக் குற்றம்கூடக் கொஞ்சம் இலேசானது போல இருந்தது. உடனே அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது. அட்ரீனலில் கட்டி என்றால் அறுவைக்குச் சென்னை வேப்பேரிக்குத்தான் எழுதிக் கொடுப்பாராம். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரச் சொச்சம். இன்னொரு நாய்க்கு மூத்திரத்தைச் சுண்டவைக்கச் சொல்லும் அந்த மூளை ஹார்மோனே குறைவு, சர்க்கரை இல்லாத நீரிழிவு; மூக்கில் விடும் டெஸ்மோபிரெசின் மருந்தைக் கண்ணில் சொட்டுகிறார்கள். இதை நம்பாமல் டாக்டரம்மாவிடமே கேட்டேன். நிஜம்தான்.

ஆடி மாதத்தில் ஒரு தடுமாற்றம். குடியாத்தத்தில் கல்யாணம். ராணியையும் அழைத்துப்போனோம், மாத்திரை டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு. அப்போது குறைந்த அளவில்தான் இருந்தோம், இரண்டு நாள்தானே என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் இரவு மஞ்சளாக வாந்தி எடுத்தாள், தயிர்ச் சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, பின்னங்கால் நிற்கவில்லை. இரவு ஒன்பதே காலுக்குப் போன். டாக்டரம்மாவே எடுத்தார். "பேசிக்கொண்டிருக்காதீர்கள், வண்டியைப் பிடியுங்கள்" என்றார். சலைன் ஏற்றி, ஊசி போட்டு, சோடியம், பொட்டாசியம் பார்த்தார். இரண்டும் சரியாக இருந்தன. உப்பைக் காக்கும் ஹார்மோன் வேறு, அது பிட்யூட்டரியின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை, அதனால் தப்பித்தாள் என்றார். நள்ளிரவுக்கு ராணி எழுந்து கம்பவுண்டர் பையனின் பிஸ்கட்டைப் பிடுங்கினாள். அந்த இரவுக்கு வாங்கியது 500 ரூபாய். அந்த ஐநூறுக்குத்தான் இந்த மதிப்புரையே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. பகல் பதினொன்றுக்கு மேல் போனை எடுப்பதே இல்லை. வண்டி நிறுத்த இடமில்லை. பூனைக்கும் நாய்க்கும் ஒரே அறை, பூனைக்காரர்கள் பாவம். மருந்துச் சீட்டில் எழுத்து கோழி கிளறியது போல. கம்பவுண்டர் பையன் ஒருவருக்குத்தான் அது புரியும், அவர் விடுமுறை எடுத்த நாளில் நான் திரும்பி வந்திருக்கிறேன். மொத்தச் செலவு ஆறு மாதத்துக்கு 14,000 ரூபாய்க்குக் கிட்ட. அதில் தூண்டல் சோதனைக்கு மட்டும் இரண்டு தடவைக்கு எட்டாயிரத்துச் சொச்சம். எனக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால், எதற்கு, இவ்வளவு ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொன்னார். வேண்டாம் என்று சொல்ல இடம் விட்டார். நன்றிக்கு ஒரு பை இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கொண்டுபோனேன். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் என்று பெருமையாகச் சொன்னேன். வாங்கிக்கொண்டார். பீஸைக் குறைக்கவில்லை.

இரண்டாம் தூண்டல் சோதனை ஐப்பசியில். ஊசிக்குப் பின் 8.2. அன்றிலிருந்து மாத்திரை முற்றிலும் இல்லை. போன வாரம் மறுபடி அளந்தேன். எடை 7.6 கிலோ, தண்ணீர் 460 மில்லி. காலை மூத்திரம் 1.034. எங்கள் சங்கத்து எருமைப் பாலும் அந்த எண்ணைக் காட்டியதில்லை. விலாவில் புது முடி, பழையதைவிடக் கொஞ்சம் வெளிறி, குஞ்சுக் கோழியின் தூவி போல வந்திருக்கிறது. முதுகுக் காரை தானாக உதிர்ந்து வருகிறது. ஊறுகாய் மூடியை மருமகள் இன்னும் திருப்பி வாங்கவில்லை.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது படிக்காகத்தான். டயர் கடைக்காரர் தை பிறந்ததும் காலி செய்கிறார், அந்த இடத்துக்கு அட்வான்ஸ் பேசியாயிற்று என்று கம்பவுண்டர் பையன் சொல்கிறார். ஆஸ்பத்திரி கீழே இறங்கினால் அந்த ஒன்றையும் போட்டுவிடுகிறேன்.